மூன்றாவது விரல்

சிலோயேவுக்கு அப்பால் எங்கள் சின்னத் தீவில்
மின்சாரம் இரவு ஏழிலிருந்து பதினொன்றுவரை.
அதற்குள் பதினெட்டு விளையாட்டுக் கருவிகளுக்கும்
சார்ஜ் ஏற்றியாக வேண்டும்.
சமையலறையில் இருப்பது ஒரே பிளக்.
கால்பந்து கேட்க ரேடியோவுக்கு இடமில்லை என்று
ரெனே ஒரு மாதமாக முறைத்துக்கொண்டு திரிகிறான்.

மூன்று பேருக்கு ஒரு கணக்கு.
மூவரும் ஒரே விடையை அழுத்தினால்தான்
திரை நகரும்.
ஒருவர் மாறினாலும், அழுத்தாமல் விட்டாலும்
அதே கேள்வி, அதே இடத்தில்,
கரை தட்டிய படகுபோல.

கால் பங்கில் பாதி எவ்வளவு?

"ஆறில் ஒன்று," என்றாள் யானிரா.
நாலும் இரண்டும் ஆறுதானே.
எலாடியோவும் அதையே அழுத்தினான்,
யானிரா சொன்னால் அவன் எதையும் அழுத்துவான்.

லிசாந்த்ரோ அழுத்தவில்லை.
கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே
அரை அங்குலத்தில் நின்றது.

அவன் குரலை நான் கேட்டது
வருகைப் பதிவின்போது மட்டும்.
மந்தம், என்று இரண்டு வருடமாக
என் கையெழுத்தில்தான் எழுதியிருக்கிறேன்.

"அழுத்துடா."
"அழுத்தித் தொலையேன்."
பக்கத்துக் குழு ஐந்தாம் கட்டம் போய்விட்டது.
விடையைச் சொல்லிவிட வாய் திறந்தேன்.
அந்த நேரம் பார்த்து
ஏழாம் எண் கருவியின் இடப்பொத்தான் உள்ளே போய்விட,
அதை ஹேர்பின்னால் நெம்பிக்கொண்டிருந்தேன்.
என் வாயை அடைத்தது அதுதான்,
பொறுமை அல்ல.

லிசாந்த்ரோ பையிலிருந்து
உருளைக்கிழங்கு ரொட்டியை எடுத்தான்.
ஸ்கேலால் நாலாக வெட்டினான்.
ஒரு துண்டை இரண்டாக்கினான்.
பிறகு, பேசாமல்,
மற்ற மூன்றையும் இரண்டிரண்டாக்கினான்.

யானிரா எண்ணினாள்.
மறுபடி எண்ணினாள்.
"எட்டா?" என்று கேட்டபோது
அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.
எலாடியோ அதற்குள்
எட்டில் ஒன்றை வாயில் போட்டிருந்தான்.

மூன்று விரல்கள். பச்சை விளக்கு.
சின்னதாக ஒரு பீப்.

ரொட்டி இழந்தவன்தான்
அடுத்த கேள்வியை உரக்கப் படித்தான்.
அவனுக்கு இவ்வளவு கனத்த குரலா.

நகரத்திலிருந்து வந்த படிவம் கேட்கிறது:
கருவிகளால் மாணவர் முன்னேற்றம்
எத்தனை சதவீதம்?

ரெனே ரேடியோவைத் தூக்கிக்கொண்டு
மாதாகோவிலுக்குப் போய்விட்டான், அங்கே ஜெனரேட்டர் உண்டு.
பதினொன்றுக்கு இன்னும் பத்து நிமிடம்.
எழுதுகிறேன்:
ஏழாம் எண்ணுக்கு இடப்பொத்தான் ஒன்று அனுப்பவும்.
பழைய பதிவேட்டில் ஒரு சொல்லை அடிக்க
சிவப்பு மை இருந்தால் அதுவும்.