நானூற்றுத் தொண்ணூற்றாறு

நாளை கணக்கெடுக்க வருவார்கள்.
மீட்டரில் டார்ச் அடித்து நிற்கிறான் சென்றாயன்:
இன்னும் நாலு யூனிட்தான்,
ஐந்நூறைத் தாண்டக் கூடாது.

டிவியின் சிவப்புப் பொட்டைப்
பிளக்கோடு பிடுங்கினேன்.
இரண்டு விசிலில் அடுப்பை அணைத்து
குக்கரைப் பழைய கம்பளியில் சுற்றிவைத்தேன்,
காய்ச்சல்காரப் பிள்ளையைப் போல.
மிச்ச வேக்காட்டை அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஃபிரிட்ஜ் மட்டும் முனகுகிறது.
உள்ளே என் இன்சுலின்.
அதன்மேல் கை வைக்க மாட்டான்.

பாயோடு மொட்டைமாடி ஏறினோம்.
கன்னங்குறிச்சிக் கூரைகளுக்கு மேலே
ஏற்காடு, கருப்பாக.
கொண்டை ஊசி வளைவுகளில்
ஒற்றை வெளிச்சம்
திரும்பித் திரும்பி ஏறுகிறது.
"அது யார் கணக்கில்?" என்கிறான்.

சிரிக்கிறேன்.
மலையிலிருந்து காற்று இறங்குகிறது,
யூனிட் கேட்காமல்.

படிக்கட்டு பல்ப் எரிந்துகொண்டிருக்கிறது.
இருவருக்கும் தெரியும்.
இருவரும் தூங்குவதுபோல் கிடக்கிறோம்.