எட்டு

காலை ஒன்பதரை. பாகாயம் போகும் சாலையில்
ஒரு மறுவாழ்வுக் கூடம்.
பெர்சிஸ் என் தொடைக்கு டேப் வைக்கிறாள்.
நாற்பத்திரண்டு.
ஸ்குரூவைக் கழற்றி இரண்டு துளை மேலே ஏற்றுகிறாள்.
எனக்கு முந்தியவர் நெட்டையர் போல.
பட்டையில் அவர் வேர்வை இன்னும் காயவில்லை.

இடுப்பில் ஒன்று, தொடையில் இரண்டு, கெண்டையில் ஒன்று.
பட்டை இறுகும் சத்தம் எனக்குப் புதிதில்லை.
பதினாறு வருடம் கம்பம் ஏறினவன்,
தினமும் ஒரு பெல்ட்டைக் கட்டினவன்.
கட்டாமல் ஏறியது ஒரே நாள்.
பள்ளிகொண்டா, மழைவிட்ட சாயங்காலம்.
மீதியை வேறு யாராவது சொல்லட்டும்.

"எத்திராஜ் அண்ணா, வலது பக்கம் சாய்ங்க."
சாய்ந்தேன்.
இடுப்பருகே ஒரு முனகல்.
இடது கால் எழுந்தது, முன்னே போனது, இறங்கியது,
என்னை ஒரு வார்த்தை கேட்காமல்.

முதல் நாலு வாரமும் இப்படித்தான்.
சித்ரா பௌர்ணமிக்குப் புஷ்பப் பல்லக்கு வரும்போது
தெருவுக்குத் தெரு கம்பியைக் கழற்றி வழிவிட்டவன் நான்.
இப்போது நானே சாமி.
உட்கார்ந்திருப்பது நான், நடப்பது வேறு யாரோ.

வேலூரைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு:
தண்ணீர் இல்லாத ஆறு,
மரம் இல்லாத மலை,
ராஜா இல்லாத கோட்டை.
"ஆள் இல்லாத நடையையும் சேர்த்துக்கோம்மா" என்றேன்.
பெர்சிஸ் சிரிக்கவில்லை.
திரையை என் பக்கம் திருப்பினாள்.
இயந்திரத்தின் பங்கு: நூறு.

இன்று ஐந்தாவது வாரம்.
ஜன்னலுக்கு அந்தப்பக்கம் பாறை இப்போதே கொதிக்கிறது.
ஃபேன் சுற்றுவது பெயருக்குத்தான்.
பதினேழாவது அடியில் முனகல் கொஞ்சம் இறங்கியது.
லோடு குறைந்த மோட்டார் அப்படித்தான் இறங்கும்,
எனக்குத் தெரியும்.
ராத்திரி கிணற்று மோட்டார்கள் ஒவ்வொன்றாய் நிற்கையில்
லைன் விடும் மூச்சைக் கம்பத்தடியில் நின்று கேட்டிருக்கிறேன்.

"என்னம்மா, ரிப்பேரா?"

அவள் பதில் சொல்லவில்லை. திரையைத் திருப்பினாள்.
தொண்ணூற்றிரண்டு.

ரீடிங் எடுப்பவர் லீவு போட்டால்
என்னை அனுப்புவார்கள்.
பூட்டின வீடு என்று எழுதி எழுதிப் பழகின வீட்டில்
ஒருமுறை மீட்டர் எட்டு ஓடியிருந்தது.
பூட்டைப் பார்த்தேன். துரு.
திரும்பவும் மீட்டரைப் பார்த்தேன்.
அப்புறம் கதவைத் தட்டினேன்.
அன்றைக்கு யார் திறந்தார்கள் என்பது இப்போது நினைவில்லை,
தட்டினது மட்டும் நினைவிருக்கிறது.

நடையை நிறுத்தச் சொன்னாள். நின்றேன்.
நின்றேன் என்று எழுதும்போதே கை தயங்குகிறது.
நிற்க வைக்கப்பட்டேன். கொஞ்சம் நின்றேன்.

சற்குணத்துக்குப் போன் போட்டேன்.
"எட்டு" என்றேன்.
"எட்டு மணி ஆயிடுமா? சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா?"
பின்னால் குக்கர் விசில்.
"ஆமா, எடுத்து வை" என்று வைத்துவிட்டேன்.
நேரில் சொல்ல வேண்டிய கணக்கு அது.

பதினொன்றுக்கு அடுத்த ஆள்.
மேல்விஷாரத்துப் பெண், ரிஸ்வானா, கல்லூரி இரண்டாம் வருடம்,
தம்பி ஓட்டிய பைக்கின் பின்சீட்டில் இருந்தவள்.
டேப். முப்பத்தெட்டு.
ஸ்குரூ இன்னும் நாலு துளை மேலே.
பட்டையில் இப்போது என் வேர்வை.
துணியால் துடைக்கப் போன பெர்சிஸிடம்
"பரவாயில்லக்கா" என்றாள்.
பிறகு சக்கர நாற்காலியில் இருந்த என்னைப் பார்த்து,
"வலிக்குமா அண்ணா?"

"முட்டிகிட்ட கொஞ்சம் கடிக்கும்" என்றேன்.
"திரையைப் பாக்காத.
சத்தத்தைக் கேட்டுக்கிட்டே இரு."