ஈரக் கழிவு

மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது
கணக்கப்பிள்ளை முதலில் தண்ணீருக்குக் கழிப்பார்,
பிறகு சாக்குக்கு,
பிறகு, ஏனென்று சொல்லாமல், இன்னும் ஒரு கிலோ.
இருபத்திரண்டு வருடம் தராசடியில் நின்றவள் நான்.
இந்தத் தேர்தலுக்கு
எனக்குத் தெரிந்த கணக்கும் அது ஒன்றுதான்.

ஏணிக்காரர்கள் வந்தது ஞாயிற்றுக்கிழமை.
கோயில் முற்றத்தில் ஒலிபெருக்கி, பிளாஸ்டிக் கதிரை,
பிள்ளைகளுக்குச் சோடா.
"குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ், தனி வீடு" என்றார்
சப்பாத்தில் சேறு படாமல் வந்தவர்.
தண்ணீருக்கு மூன்று பேர்ச்சஸ் கழித்தேன்,
சாக்குக்கு இரண்டு.
மிச்ச இரண்டு பேர்ச்சஸில்
போன தேர்தலுக்கு நட்ட அடிக்கல் நிற்கிறது,
கழுத்துவரை மானாப்புல்.

குடைக்காரர்கள் சம்பளம் பேசினார்கள்.
அதில் நான் கழிக்கத் தேவையில்லை.
கிலோவைக் கூட்டி, நாளைக் குறைத்து
துரையே கழித்துக்கொள்வார்.

என் புருஷன் தவசீலன் ஏணி.
மாமனாரும் ஏணி.
சந்தா செக்ரோலிலேயே வெட்டுப்படுவதால்
என்னைக் கேட்காமல் நானும்.
அவனுக்கு வாட்சர் வேலை கிடைத்ததும் ஏணியேறித்தான்.
"நீ மாத்திப் போட்டா தலைவருக்குத் தெரிஞ்சிரும்."
"எப்படித் தெரியும்?"
"நம்ம டிவிசன்ல எத்தன வோட்டு?
எண்ணினா தெரியாதா?"
ரொட்டியைப் பிய்த்தபடி சொன்னான்.
மிரட்டவில்லை. பயந்த ஆள்
பயத்தை எனக்கும் கொஞ்சம் பிய்த்துத் தந்தது மாதிரி.

மகள் புஷ்பகாந்தி கொழும்பில், துணிக்கடையில்.
முதல் வோட்டு. போனில் கத்துகிறாள்:
"ரெண்டு பேரையும் விடும்மா, மணிக்கூட்டுக்குப் போடு.
கடையில எல்லாரும் அதுக்குத்தான்."
மணிக்கூட்டுக்காரர்களின் புத்தகம் எட்டுப் பக்கம்.
ஊழல், கடன், டொலர்.
விரலால் தடவித் தடவித் தேடினேன்.
தோட்டம் என்ற சொல் ஆறாம் பக்கத்தில் ஒரே ஒரு தரம்,
அதுவும் தோட்டக்கலையின் உள்ளே.

மண்வெட்டிச் சின்னத்தில் ஜெசிந்தா டீச்சர்.
அட்டைக்கடிக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டு
மேல்கணக்கு லயம்வரை தனியாக ஏறி வந்தாள்.
எங்கள் பின்சுவரில் கை நுழைகிற வெடிப்பு.
"மண் சரியுமுன்னே எங்கள எப்ப மாத்துவீங்க?"
"தெரியாது. விசாரிச்சு எழுதுறேன்."
மூன்று கிழமை கழித்துக் கடிதம் வந்தது,
வழக்கம்போல ஒபீசில் உடைபட்டு.
'இந்த வருடம் நடக்காது. காணி கம்பனியிடம்.
அறிக்கையை இன்னும் யாரும் கேட்கவே இல்லை. நான் கேட்டிருக்கிறேன்.'
கழிக்கப் பார்த்தேன். ஈரமே இல்லை.
ஆனால் காய்ந்த இலைக்கு எடையும் இல்லை.
அவள் வெல்லமாட்டாள்,
கோழிக் கடைக்காரனுக்கும் தெரியும்.

என்னிடமும் கழிக்க வேண்டும்.
போன முறை எட்டுத் தகரம் வாங்கினேன்.
இப்போது மழை அதன்மேல்தான் விழுகிறது.
தவசீலன் மேல் உள்ள கோபத்தில் போடும் வோட்டுக்கு
எத்தனை கிலோ கழிக்க?

எங்கள் அப்பாவுக்கு
நாற்பத்தாறு வயதுவரை வோட்டில்லை, நாடுமில்லை.
முதல் தரம் போனபோது
புள்ளடி போடச் சொன்னார்கள்.
"கைநாட்டு ஆள் இல்ல நான்" என்று
பழகி வைத்திருந்த கையெழுத்தை
சீட்டு முழுக்கப் போட்டுவிட்டு வந்தார்.
செல்லாது என்று நாங்கள் யாரும்
கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை.

நாளை ஏழு மணிக்குப் பள்ளிக்கூடம்.
அரை நாள் லீவு என்கிறார்கள், எழுதித் தரவில்லை.
சம்பளத் துண்டின் பின்பக்கம்
ஒரு புள்ளடி போட்டுப் பார்க்கிறேன்.
ஈரமண்ணில் மைனா நடந்த தடம் மாதிரி
கோணலாய் வருகிறது.

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தவன் கேட்டான்:
"எதுக்குப் போடப் போற?"
"நிறுத்துக்கிட்டு இருக்கேன்."
தகரத்தில் மழை பிடித்தது.
தூங்கிவிட்டான் என்று விளக்கை அணைக்கப் போனேன்.
"அந்த டீச்சர் கடிதத்த
இன்னொருக்கா வாசி" என்றான்.