ஐந்தரை மணித்தியாலம்

ஐநூறு என்று பெட்டியில் போட்டிருந்தாங்கள்.
திறந்து பார்த்தால் நானூற்று அறுபத்தைந்து.
"உறுதியில ரெண்டு பரப்பு, அளந்தா ஒன்றேமுக்கால்.
உது புதுசோ?" என்றார் கஜவதனன்.

அவர் நில அளவையாளர்.
பகலெல்லாம் கோண்டாவில், உரும்பிராய் என்று
கதைபேசாத சகோதரங்களுக்கு நடுவே
கல் நட்டுவிட்டு வருகிறவர்.
படம் கீறுகிற அவருடைய மென்பொருள்
விண்டோஸை விட்டு வேறெதிலும் குந்தாது.
எனக்கு லினக்ஸ் வேணும், வேலைக்கு.
மடிக்கணினி ஒன்றுதான்.
சீட்டு விழுந்தால் இன்னொன்று வாங்கலாம்.
சீட்டு விழவில்லை.

கொக்குவிலில் மேல்மாடி வாடகை அறை, கார்த்திகை மழை.
மின்வெட்டு அட்டவணையில் எங்கட எழுத்துக்கு
எட்டரை வரைதான் கரண்ட்.
பற்றரி செத்து ஒரு வருசம்.

நூற்றிருபது கேட்டேன்.
நாற்பத்தொன்றுக்கு மேல் தரேலாது என்றது டிஸ்க்.
நடுவில் எதுவோ அசைய மாட்டன் என்று கிடந்தது.
தோண்டிப் பார்த்தேன்: அணைத்துவிட்டோம் என்று
நாங்கள் நம்பிப் படுத்த இரவுகளிலெல்லாம்
விண்டோஸ் எழுதிவைத்த அரைத்தூக்கக் கோப்பு.
பூட்டின வீடு, ஆனால்
உள்ளே ஆள் படுத்திருக்கு.
எழுப்பினேன். முழுசாய்ப் போகச் சொன்னேன்.
இடம் விட்டது.

"பிரதி எடுத்து வைச்சீரோ?"
எடுத்தேன். பதினொரு வருசக் காணிப்படங்கள்,
மல்லாகம் கோட்டில் இழுபடுகிற ஒரு கிணற்றுப் பங்கு,
எங்கள் கலியாண வீடியோ. அதுதான் ஆகக் கனம்.

பென்டிரைவிலிருந்து எழும்பிய திரையில்
நீலக் கோடு ஒன்று, இடப்பக்கமாய்,
மட்டத்தேள் மாதிரி ஊர்ந்தது.
கொழும்பு ரயில் தாண்ட மேசை நடுங்கிச்சு.
எட்டு இருபத்தொன்றுக்கு பல்ப் ஒருக்கால் சிமிட்ட
அவர் எழும்பி நின்றார்.
சங்கிலி பிடிக்கிற கை, பிடிக்க ஒன்றுமில்லாமல்
கதிரையின் முதுகைப் பிடித்தது.
எட்டு இருபத்தாறுக்கு முடிந்தது.

இரண்டு எல்லைக்கும் இடையில்
ஒரு மெகாபைற் மிச்சம் என்று காட்டியது,
ஒருத்தருக்கும் சொந்தமில்லாமல்.
"அது ஒழுங்கை, விடும்," என்றார்.

விடிய எட்டு மணிக்கு அவர் தன் பக்கத்தைத் திறந்தார்.
வெளியில் நல்ல வெயில்.
திரையில் இரண்டரை மணி.

பிழை ஒருவரிலும் இல்லை.
உள்ளே இருக்கிற சின்ன மணிக்கூட்டை
என் பக்கம் உலகநேரம் என்று வாசிக்கிறது,
அவர் பக்கம் ஊர்நேரம் என்று.
நான் தொட்டுவிட்டுப் போகிற ஒவ்வொரு முறையும்
அவர் ஐந்தரை மணித்தியாலம் பின்தங்கிவிடுகிறார்.

பத்து வயதில் முகமாலை தாண்டி வன்னிக்குப் போகையில்
பஸ்ஸுக்குள் எல்லாரும் ஒரேயடியாய்
கைமணிக்கூட்டைத் திருகுவினம்,
அரைமணி பின்னுக்கு.
திரும்பி வரும்போது முன்னுக்கு.
மணிக்கூடு கட்டாத ஆக்களும்
மணிக்கட்டைத் தடவிக்கொள்ளுவினம்.
எத்தினை மணிக்கு என்று கேட்டால்
எங்கட நேரமோ அங்கத்தை நேரமோ என்று
திருப்பிக் கேட்ட காலம்.
இப்ப கேட்க ஆளில்லை. ஒரே நேரம்.
மேசையில் மட்டும் இரண்டு.

ஒரு வரி எழுதினால் சரிவரும்.
எந்தப் பக்கத்திலும் எழுதலாம்.
"உம்மடை பக்கத்தில எழுதுமன்,"
வேலிக்கரைக்கு வந்தவையெல்லாம்
அவரிடம் சொல்லுகிற அதே வசனம்.

மூன்று நாள் எழுதவில்லை.
அவர் விரல்விட்டு ஐந்தரை கூட்டிக் கூட்டி
வலிகாமம் முழுக்க அளந்துவந்தார்.
நாலாம் நாள் நான்தான் எழுதினேன்.

ஆனால் தொடக்கத்தில் வருகிற கறுப்புத் திரையில்
முதல் பெயர் என்னுடையது.
பத்து வினாடி தரும்.
தேத்தண்ணி எடுத்துக்கொண்டு அவர் வந்து சேர முன்னம்
என் வீடு திறந்துவிடும்.
அதை மாற்ற இன்னும் ஒரு வரி இருக்கு.
அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.