காலி எடை

"சுகர் பார்டர்ல நிக்குது" என்றார்
கொழிஞ்சாம்பாறை டாக்டரம்மா.
நானே பார்டர்ல நிக்கிறவதானுங்க என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
மூன்று மாசம் தின்பது, நடப்பது, எடை,
எல்லாம் எழுதிக்கொண்டு வா என்றார்.

எழுதுவதுதான் எனக்குத் தொழில்.
வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம்
அறுபது டன் எடைமேடையில்
பதினொரு வருசமாய்
லோடு எடை, காலி எடை, நிகர எடை,
வண்டி எண், நேரம்.

அன்று சாயங்காலம் வண்டி வராத இடைவெளியில்
செருப்பைக் கழற்றி வைத்து
மேடை நடுவே போய் நின்றேன்.
உள்ளே ஓடிவந்து திரையைப் பார்த்தால்
பூஜ்யம்.
தக்காளி லோடோடு வந்த சினோஜை
என் நாற்காலியில் உட்காரவைத்து
மறுபடியும் போய் நின்றேன்.
"எண்பது சேச்சி!"
ரோட்டுக்கே கேட்டது.

எண்பதில்லை, எழுபத்தாறு.
மேடைக்குப் பத்துப் பத்தாய்த்தான் எண்ணத் தெரியும்.
இரண்டு வாரம் சீனியை விட்டு
எழுபத்து நாலரை ஆனபோது
எழுபது என்று காட்டி என்னைக் கொண்டாடியது.
அந்த மகிழ்ச்சியில் தின்ற இரண்டு பழம்பொரிக்கும்
மறுநாள் பாயசத்துக்கும்
எண்பது என்று திருப்பிக்கொண்டது.

உக்கடத்தில் ஒரு சின்னத் தராசு வாங்கினேன்.
அது வேறு மாதிரிப் பைத்தியம்.
ஒரு சொம்பு தண்ணீருக்கு அரைக் கிலோ கூட்டும்.
ஓடு மாற்றி வைத்தால் கிலோ மாறும்.
இப்போது வெள்ளிக்கிழமை மட்டும்,
காலையில், வெறும் வயிற்றில்,
பீரோ பக்கத்து மூன்றாம் ஓட்டில்.
மற்ற நாட்களில் அது கட்டிலுக்கடியில் கிடக்கும்.

நடையை ஃபோன் எண்ணுமாம்.
நைட்டிக்குப் பை வைத்துத் தைக்காதவர்கள்
சொல்லுகிற யோசனை.
நான் மொட்டைமாடியில் சுற்றுகிறேன்.
சுற்றுக்கு ஒரு துணிக்கிளிப்
இந்தக் கொடியிலிருந்து அந்தக் கொடிக்கு.
நாற்பது கிளிப் கடந்தால் அன்றைய கணக்குத் தீர்ந்தது.
மழை வரும்போல் இருந்தால்
மகன் யூனிபாரம் பிடித்திருக்கிற ஏழு கிளிப்புக்கு
விரல் மடக்குவேன்.
வடமேற்கே கேரளத்து விளக்குகள்
ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருமுறை தெரியும்.

எண்ணெய்ப் பாட்டிலில் மார்க்கரால் நாலு கோடு,
வாரத்துக்கு ஒன்று.
புதன்கிழமையே கோடு இறங்கினால்
வியாழன் அவியல்.
சோறு ஒரே கிண்ணத்தில்.
மட்டை அரிசிதானே, சிவப்புத்தானே என்றால்
"சிவந்தாலும் சோறு சோறுதான்" என்று
டாக்டரம்மா முன்னமே வாயை அடைத்துவிட்டார்.

ஆனாலும் கஷ்டம் நோட்டில்தான்.

காலி எடைக்கு வரும்போது
கிளீனரை உள்ளே உட்காரவைத்து
லோடு எடைக்கு இறக்கிவிடுகிற டிரைவரை
கதவுச் சத்தத்திலேயே பிடிப்பேன்.
ஸ்டெப்னியைக் கழற்றி வைத்து வருபவன்,
பின் சக்கரத்தை மேடைக்கு வெளியே விட்டு நிற்பவன்
எல்லாரையும் தெரியும்.
ஆனால் வளையல் ஆறையும் கழற்றிவிட்டு
தராசில் ஏறினவள் யார்?
மகன் தட்டில் மிஞ்சியதை
நின்றுகொண்டே தின்றால் கணக்கில்லை என்று
சட்டம் போட்டவள் யார்?
மூன்றாவது வாரம் நோட்டில்
"மிக்சர், கொஞ்சம்" என்று இருக்கிறது.
கொஞ்சம் என்று எந்த லாரிக்காவது
சீட்டு எழுதியிருக்கிறேனா.

அதற்கப்புறம் தின்பதற்கு முன்னால் எழுதுகிறேன்.
பேனாவைத் திறந்ததும்
பாதி மிக்சர் டப்பாவுக்கே திரும்பிப் போகிறது.
மீதிப் பாதியை எழுதிவிட்டுத் தின்கிறேன்.

தொப்புளைச் சுற்றிப் பிடித்த சணல் நூலில்
மாசத்துக்கு ஒரு முடிச்சு.
சீட்டுக் கட்டுகிற அதே நூல்.
முதல் முடிச்சுக்கும் மூன்றாவதற்கும் நடுவே
இரண்டு விரல் வழி இருக்கிறது.
தராசு இரண்டும் இதைக் கவனிக்கவில்லை.

நேற்று சினோஜ் கேட்டான்,
"சேச்சி, இப்ப எத்தனை?"
மேடையில் ஏறச் சொன்னான்.
மாட்டேன் என்றேன்.
வாழைக்காய் லோடு, பதினாறு டன் இருநூறு,
சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.
காசோடு ஒரு பொட்டலமும் நீட்டினான், சூடாக.

ஞாயிறு, 4.10 மணி.
பழம்பொரி, ஒன்று.
எழுதியாச்சு.