கரடி முன்னுக்கு

துனேஷியா ஏழு மணி பஸ்ஸில்
கோட்டைக்குப் போய்விடுவாள், வங்கிக்கு.
எனக்கு ஹோட்டலில் இரவு வேலை.
வெள்ளவத்தையில், நாலாம் மாடியில், பகல் முழுக்க
நானும் மதுரிகாவும்
அவளுடைய பின்பக்கமும்.

முதல் கிழமை
பம்பர்ஸில் இருந்த கரடிக்குட்டியும் நானும்
ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தோம்,
நீ முன்னுக்கா பின்னுக்கா என்று.
கரடி முன்னுக்கு.
இடுப்பில் இரண்டு விரல் நுழையவேண்டும்.
தொடையோரச் சுருக்கு வெளியே விரிந்து நிற்கவேண்டும்,
இல்லாவிட்டால் என் ஒரேயொரு நல்ல சேர்ட்
சாட்சி சொல்லும்.

ஒன்பதாம் மாதத்தில் சிவந்தது,
பழுத்த ஜம்புவின் சிவப்பு.
பவுடரைக் கொட்டினேன். அலறினாள்.
கீழே பாமசியில் ஃபரீனா
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொன்னா:
"பவுடரைக் குப்பையில போடுங்க.
வாசமுள்ள வைப்ஸும் வேணாம்.
இளஞ்சூட்டுத் தண்ணி, பஞ்சு,
முன்னால இருந்து பின்னால.
தேய்க்காம ஒத்தி எடுங்க.
பாணுக்கு பட்டர் பூசுற மாதிரி சிங்க் கிறீம்,
சொந்தக் காசு பட்டர் மாதிரியில்ல,
கலியாண வீட்டு பட்டர் மாதிரி.
மத்தது காத்து. அதுக்குக் காசில்ல.
மூணு நாள்ல குறையல்லண்டா டொக்டர்."

பாய், அதன்மேல் றப்பர் சீலை, அதன்மேல் அவள்,
கடலுக்குப் பின்புறம் காட்டிக்கொண்டு.
கால் மணி என்று தொடங்கியது அரை மணியானது.
ஒரு குளம். துடைத்தேன்.
இன்னொரு குளம்.
மூன்றாம் நாள் ஜம்பு வெளிறியது.

பிறகு பைக்கற் விலை ஏறியது.
எவ்வளவென்று எழுதமாட்டேன்,
நீங்கள் வாசிக்கும்போது அது பொய்யாகியிருக்கும்.
இரவுக்குப் பம்பர்ஸ், பகலுக்குத் துணி.
என் சாரத்தை எட்டாய்க் கிழித்தேன்.
பத்து வருடம் தோய்த்த சாரத்தின் மென்மை
எந்தக் கடையிலும் இல்லை.
சவர்க்காரம் கொஞ்சம், அலசல் அதிகம்,
துணிக்கு வாசனை ஊற்றுவது என் மூக்குக்காக,
அவள் தோலுக்காக அல்ல.
ஐப்பசியில் கொடியில் பதினொன்று தொங்கின,
மூன்று நாளாய் ஒன்றும் காயவில்லை.
கடல் தன் ஈரத்தை எங்கள் பல்கணிக்கு
வாடகை இல்லாமல் அனுப்பிக்கொண்டிருந்தது.
அயன் பண்ணினேன். கரண்ட் போனது.
பிறகு கதிரை முதுகு. பிறகு கடவுள்.

இரண்டு வயதும் நாலு மாதமும்.
துணி இரண்டு மணித்தியாலம் உலர்ந்தே இருந்தது.
திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்று
முகம் சிவக்க யோசித்தாள்.
நேரம் வந்துவிட்டது என்றா ஃபரீனா.
பச்சைப் பொட்டி வாங்கினேன், குட்டையாக,
பாதம் நிலத்தில் படும்படி.
முதல் நாள் அது தொப்பி.
இரண்டாம் நாள் பொம்மைக்குச் சோறு அதில்.

எழும்பியதும், சாப்பிட்டதும், குளிக்கமுன்னும்
ஐந்து நிமிடம் இருத்துவேன்.
அதற்குமேல் போனால் சிறை.
நாலாம் நிமிடத்தில் கோச்சி வரும்.
ஜன்னல் நடுங்கும்.
எழும்பி ஓடிப்போய்க் கையசைப்பாள்,
கையசைத்தபடியே மாபிளில் பெய்வாள்.
நான் ஏசவில்லை.
இல்லை, ஒருநாள் ஏசினேன்.
இரண்டு கிழமை
எல்லாம் மறுபடி திரைச்சீலைக்குப் பின்னால்.
ஒரு சத்தத்துக்கு இரண்டு கிழமை.

மன்னிப்பாய்ப் பொட்டியைத் தூக்கி
பல்கணிக் கதவடியில் வைத்தேன்.
ஐந்தே முக்கால் கோச்சி
ஆட்களைத் தொங்கவிட்டுக்கொண்டு போனது.
இருந்தபடியே கையசைத்தாள்.
மிதிபலகையில் நின்ற யாரோ
திருப்பி அசைத்தார், எதற்கென்று அறியாமல்.
அந்த இரைச்சலுக்கடியில்
பிளாஸ்டிக்கில் மெல்லிய சத்தம்.

அவள் குனிந்து பார்த்தாள்.
நானும் குனிந்து பார்த்தேன்.
"கோச்சிக்குக் காட்டு" என்றாள்.
கோச்சி தெகிவளைக்குப் போய்விட்டது.
நாளைக்குக் காட்டுவோம் என்றேன்.

இரவுக்கு இன்னும் பம்பர்ஸ்தான்,
அதற்கு அவசரமில்லை.
வேலைக்கு வெளிக்கிடமுன் ஒன்றை எடுத்து விரிக்கிறேன்.
மதுரிகா விரலால் தொட்டுச் சொல்லித் தருகிறாள்,
கரடி முன்னுக்கு.