காலடிக் கணக்கு

கேமராவை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.
அதனால் நடந்து அளப்பேன்.
என் ஓர் எட்டு எழுபத்தாறு சென்டிமீட்டர்.
பனி கொட்டிய அந்த ஊரில் உலர்துறை
நானூற்றுப் பன்னிரண்டு எட்டு;
நடுவில் ஒருவன் தீப்பெட்டி கேட்டான்,
இரண்டு மூன்று விட்டுப்போயிருக்கலாம்.

பீரங்கியை எல்லாரும் பார்ப்பார்கள்.
நான் பார்ப்பது நீர் வடியும் துளைக்குக் கீழே
துரு இறங்கிய கோடு.
எத்தனை மாதம் கரை காணவில்லை,
ஆள் பற்றவில்லையா, பெயிண்டுக்குக் காசில்லையா,
கேட்காமலே சொல்லும்.
நட்பு நாட்டுக் கேப்டனுக்குக் கை கொடுக்கையில்
கண் அவர் தோளுக்குப் பின்னால்
வெல்டிங் தையலில் இருந்தது.

இன்று கணபதியில்
நாச்சிமுத்துவின் ஃபவுண்டரி. முப்பத்தோரு எட்டு.
ஜூனில் கணவாய் வழி வரும் காற்றைத் தவிர
கடல் இங்கே வந்ததில்லை.
எங்கள் கப்பலின் அடிவயிற்றுத் தண்ணீரை
இறைக்கப்போகும் பம்ப் சோதனை மேசையில்.
முள் ஏறுகிறது.
துணியால் ஒற்றிவிட்டு விரல் வைக்கிறாள் பூவாத்தாள்:
"இங்க வேர்க்குதுங்க."

கடுகளவு.
நாச்சிமுத்து என்னைப் பார்க்கவில்லை, முள்ளைப் பார்க்கிறார்.
"கடலு அவ்வளவா அமுக்கும்?"

அதே நோட்டை எடுக்கிறேன்.
கசிவு: ஒன்று.
கண்டவர்: பூவாத்தாள்.

இத்தனை துறைமுகம் எழுதிய நோட்டில்
முதல் ஆள் பெயர்.